விளக்கா, ரெக்டிஃபையரா? புரொஜக்டர் ஒளிப்பழுதை அறியும் முறைகள் குறித்து ஓர் ஆய்வு

திரையரங்கின் புரொஜக்டர் அறையில், இயந்திரத்துக்குப் பக்கத்திலோ பின்னாலோ ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். மூன்று ஃபேஸ் மாறு மின்சாரத்தை வாங்கி, 25 முதல் 40 வோல்ட் வரையிலான அழுத்தத்தில் நூறு ஆம்பியர் அளவுக்கு நேர் மின்சாரமாக மாற்றித் தருவது அதன் வேலை. ஆபரேட்டர்கள் அதை ரெக்டிஃபையர் என்று அழைக்கிறார்கள். அது தரும் மின்சாரத்தில்தான் செனான் விளக்கு எரிகிறது. காட்சி தொடங்கும் நேரத்தில் விளக்கு பற்றாமல் போனாலும், பற்றிய விளக்கு பாதிப் படத்தில் அணைந்தாலும், திரையில் ஒளி துடித்தாலும், எழும் கேள்வி ஒன்றுதான்: கோளாறு விளக்கில் இருக்கிறதா, அதற்கு மின்சாரம் தரும் பெட்டியில் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கும் மேல். கார்பன் குச்சிகளைக் கொண்டு ஒளி உண்டாக்கிய காலத்திலேயே அது இருந்தது. ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் தனக்கென ஒரு பதிலை உருவாக்கியது. முதலில் விளக்கை மாற்று என்றது ஒரு மரபு. மின்சாரம் வரும் வழியே அளந்துகொண்டு போ என்றது இன்னொன்று. திரையைப் பார், அதுவே சொல்லும் என்றவர்கள் உண்டு. இயந்திரம் தரும் பிழைக்குறியீட்டைப் படித்தால் போதும் என்பது அண்மைக்கால நம்பிக்கை. இவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தவறுகின்றன என்று பார்ப்பது வெறும் வரலாற்று ஆர்வத்துக்காக அல்ல. தவறாகக் கண்டறிந்தால் விலை உயர்ந்த புது விளக்கு ஒன்று சில நாட்களிலேயே பாழாகலாம். அழுத்தம் நிறைந்த விளக்கையும், அணைத்த பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும் பெட்டியையும் தேவையில்லாமல் திறக்கும் ஒருவருடைய உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கார்பன் வில்லின் பாடம்

மின்வில் ஒரு விசித்திரமான மின்சுமை. சாதாரணக் கம்பியில் மின்னோட்டம் கூடினால் அதன் குறுக்கே நிற்கும் மின்னழுத்தமும் கூடும். கார்பன் வில்லில் மின்னோட்டம் கூடக்கூட அழுத்தம் குறைகிறது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் அது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு ஃபியூஸைத் தகர்க்கும். அல்லது தளர்ந்து அணையும். இந்த உறவை முறையாக அளந்து எழுதியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹெர்த்தா அயர்டன். 1902-இல் வெளிவந்த அவருடைய நூல், வில்லின் நீளம், மின்னோட்டம், மின்னழுத்தம் மூன்றையும் ஒரே சமன்பாட்டில் பிணைத்தது. அதற்குச் சற்று முன், 1900-இல், ஜெர்மானியரான வால்டர் காஃப்மன் வில் நிலையாக எரிவதற்கான நிபந்தனையை வகுத்திருந்தார். மின்சாரம் தரும் சுற்றின் எதிர்ப்பு, வில்லின் இந்தத் தலைகீழ்ப் போக்கை ஈடுகட்டும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதன் பொருள் நம் கேள்விக்கு நேரடியானது. வில் நிலையாக எரிவது வில்லின் குணம் மட்டுமோ, மின்வழங்கியின் குணம் மட்டுமோ கிடையாது. இரண்டும் சேர்ந்த சுற்றின் குணம். ஒன்றைக் கழற்றித் தனியே சோதித்தால் கிடைப்பது பாதித் தகவல்தான். இந்த அடிப்படை 1900-களின் தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது. பின்னால் வந்த பழுதுபார்க்கும் முறைகளில் பல இதை மறந்துவிட்டன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கார்பன் காலத்தில் அது மறக்கப்பட்டாலும் பெரிய பாதகம் இல்லை. ஏனென்றால் சுற்றை நிலைநிறுத்துவதில் ஆபரேட்டரின் கையும் ஒரு பங்கு வகித்தது. கார்பன் எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும். வோல்ட்மீட்டர் முள் ஏறும். அவர் திருகைத் திருப்பிக் குச்சிகளை நெருக்குவார். தானியங்கி மோட்டார் வந்த பிறகும் கண்காணிப்பு அவருடையதே. மின்சாரம் தரும் கருவிகளும் தம் நோயை வெளிப்படையாகவே காட்டின. மோட்டார் ஜெனரேட்டரில் பிரஷ் தேய்ந்தால் தீப்பொறி பறக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீட்டர் கூப்பர் ஹெவிட் உருவாக்கிய பாதரச ரெக்டிஃபையரின் கண்ணாடிக் குமிழில் நீல ஒளி நடுங்கும். செலீனிய ரெக்டிஃபையரின் தகடு எரிந்தால் அதன் துர்நாற்றம் அறை முழுதும் பரவும். கண்ணும் மூக்கும் காதும் போதுமான கருவிகளாக இருந்த காலம் அது.

அந்த மரபின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒளி தடுமாறினால் இடைவெளிதான் காரணம் என்று கை தானாகத் திருகுக்குப் போய்விடும். ரெக்டிஃபையர் மெல்ல மெல்லப் பலமிழந்துகொண்டிருந்தாலும் ஆபரேட்டரின் திறமை அதை ஈடுகட்டி மறைத்துவிடும். நல்ல ஆபரேட்டர் இருந்த அரங்கில் மின்வழங்கியின் நோய் கடைசி நாள்வரை தெரியாமல் போயிருக்க இடமுண்டு.

செனான்: கண்ணுக்கெட்டாத ஒரு நொடி

செனான் வாயுவை 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் கண்டுபிடித்தார்கள். அதை நிரப்பிய குறுவில் விளக்கு 1940-களில் ஜெர்மனியில் உருவாகி, 1951-இல் ஆஸ்ரம் நிறுவனத்தின் தயாரிப்பாகச் சந்தைக்கு வந்தது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அது உலகெங்கும் கார்பனை அப்புறப்படுத்தியது. குவார்ட்ஸ் குமிழ்; உள்ளே சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு டங்ஸ்டன் மின்முனைகள்; பருத்தது நேர்முனை, கூர்மையானது எதிர்முனை. குளிர்ந்திருக்கும்போதே உள்ளே இருக்கும் வாயு, காற்றழுத்தத்தைப் போல் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும். எரியும்போது அது மேலும் சுமார் மூன்று மடங்காகும். 2 கிலோவாட் விளக்கு ஏறத்தாழ 25 வோல்ட்டில் 80 ஆம்பியர் வாங்கும்.

இங்கே இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, இடைவெளி கண்ணாடிக்குள் பூட்டப்பட்டுவிட்டது. ஆபரேட்டரின் கைக்கு வேலை இல்லை. இரண்டாவது, கார்பனைப் போல் முனைகளைத் தொடவைத்துப் பிரித்து வில்லை எழுப்ப முடியாது. அதற்காக இக்னைட்டர் என்ற மூன்றாவது கருவி வந்து சேர்ந்தது.

விளக்கு பற்றும் அந்த ஒரு நொடியை மெதுவாக்கிப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ரெக்டிஃபையர் தன் சுமையற்ற அழுத்தத்தை விளக்கின் முனைகளில் நிறுத்துகிறது. எரியும்போது தேவைப்படுவதைப் போல் அது மூன்று மடங்கோ அதற்கும் மேலோ இருக்கும். அடுத்து, விளக்குக் கூடான லேம்ப்ஹவுஸுக்குள் விளக்கை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும் இக்னைட்டர், 20 முதல் 40 கிலோவோல்ட் வரை உயரும் உயர் அதிர்வெண் துடிப்புகளை ஏற்றுகிறது. வாயு முறிந்து இடைவெளியில் மெல்லிய நீலக்கீற்று பாய்கிறது. அந்தக் கீற்றின் வழியே, ரெக்டிஃபையரின் பூஸ்ட் கெப்பாசிட்டரில் தேக்கி வைத்த மின்னேற்றம் கொட்டி, எதிர்முனையின் நுனியைச் சூடாக்குகிறது. நுனி எலக்ட்ரான்களைத் தாராளமாக வெளியிடத் தொடங்கியதும் ரெக்டிஃபையரின் முதன்மை மின்னோட்டம் அதைத் தொடர்கிறது. விளக்கின் அழுத்தம் 25 வோல்ட்டுக்குச் சரிகிறது. அந்தச் சரிவை உணர்ந்து இக்னைட்டர் விலகிக்கொள்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். ஒரு கருவி வேலையை அடுத்ததிடம் ஒப்படைக்கும் ஒவ்வோர் இடமும் தவறு நேரக்கூடிய இடம்.

இந்த நொடியைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது. அளக்கவும் கூடாது. பல்லாயிரம் வோல்ட் துடிப்பு மீட்டரை எரித்துவிடும், பிடித்திருப்பவரையும் தாக்கும். ஆகவே இக்னைட்டரைத் துண்டித்துவிட்டு, அதாவது பழுது நடக்கும் நிகழ்வையே நிறுத்திவிட்டுத்தான், அளவெடுக்க வேண்டியிருக்கிறது. கேள்விக்கு இத்தனை போட்டி விடைகள் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனத் தோன்றுகிறது. யாரும் நேரில் பார்க்காத ஒன்றை ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து ஊகிக்கிறார்கள்.

‘முதலில் விளக்கை மாற்று’

மிகப் பரவலான நிலைப்பாடு இது. அதற்கு வலுவான நியாயம் உண்டு. முழு அமைப்பிலும் தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் விளக்குதான். 2 கிலோவாட் விளக்குகளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் மணி நேரமும், 6 அல்லது 7 கிலோவாட் விளக்குகளுக்கு அதில் ஒரு பங்குமே உத்தரவாதம் கிடைக்கிறது. வயதாக ஆக எதிர்முனையின் கூர் மழுங்குகிறது, ஆவியான டங்ஸ்டன் குமிழின் உட்புறத்தில் கருமையாகப் படிகிறது, இடைவெளி அகல்கிறது, முதல் தடவையிலேயே பற்றிய விளக்கு நான்கைந்து முறை கேட்கிறது. மணிக்கணக்கு முடிந்த விளக்கு பற்றாவிட்டால் அதையே சந்தேகிப்பது அறிவார்ந்த செயல்தான்.

பிரச்சினை, இந்தச் சோதனையின் முடிவை எப்படிப் படிப்பது என்பதில் வருகிறது. பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள், உடனே பற்றுகிறது. ஆகவே பழுது விளக்கில்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த முடிவு ஓட்டையுள்ளது. பூஸ்ட் கெப்பாசிட்டர் வற்றிப் பாதிக் கொள்ளளவில் நிற்கும் ரெக்டிஃபையர்கூட, கூர்மையான நுனியுள்ள புது விளக்கைச் சுலபமாகப் பற்றவைத்துவிடும். ஆயிரம் மணி நேரம் ஓடிய, இன்னும் நல்ல ஆயுள் மிச்சமுள்ள விளக்கை அதனால் பற்றவைக்க முடியாது. புது விளக்கு பற்றியதால் கெப்பாசிட்டரின் நோய் மறைகிறது. சில மாதங்களில் அதே தொல்லை திரும்புகிறது. அடுத்த விளக்கும் ‘சீக்கிரம் போய்விட்டது’ என்று கணக்கில் ஏறுகிறது. தொடர்ந்து விளக்குகள் குறுகிய ஆயுளில் மாற்றப்படும் அரங்கில், விளக்குகளின் தரத்தைக் குறைசொல்லும் முன் ரெக்டிஃபையரைச் சோதிப்பது நியாயம்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஒழுங்கற்ற மின்வழங்கி, நல்ல விளக்கைக் கொல்லும். நேர்முனையும் எதிர்முனையும் மாறி இணைக்கப்பட்டால் மெல்லிய எதிர்முனை சில நொடிகளில் உருகத் தொடங்கும். பற்றும் கணத்தில் பாயும் மின்னோட்டம் அளவுமீறினால் ஒவ்வொரு தொடக்கமும் நுனியைக் கொஞ்சம் தின்னும். பழுதான பெட்டியில் புது விளக்கைப் பொருத்திப் பார்ப்பது, இந்த வகைக் கோளாறுகளில் சோதனையாக இருக்காது. இரண்டாவது இழப்பாகவே முடியும்.

மாற்றும் செயலே ஆபத்தானது என்பதையும் இந்த நிலைப்பாடு போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை. குளிர்ந்த விளக்கும் வெடிக்கும். முகக்கவசம், தடித்த கையுறை, கழுத்தை மூடும் மேலங்கி இல்லாமல் அதன் பாதுகாப்பு உறையைக் கழற்றக் கூடாது. உலோக முனைகளை மட்டுமே பிடிக்க வேண்டும். ஒரு முனையை இறுக்கும்போது முறுக்கு விசை குவார்ட்ஸுக்குப் போகவிடக் கூடாது. விரல் எண்ணெய் படிந்த இடத்தில் குவார்ட்ஸ் சூட்டில் படிகமாகி வலுவிழக்கும். ‘மாற்றிப் பார்ப்போம்’ என்று இலகுவாகச் சொல்லிவிடக்கூடிய வேலை அல்ல இது.

மின்சாரம் வரும் வழியே

மின்பணியாளர்களின் மரபு வேறு. சுவரிலிருந்து தொடங்கு: மூன்று ஃபேஸும் வருகின்றனவா, கான்டாக்டர் இழுக்கிறதா, பாதுகாப்புச் சுவிட்சுகளின் சங்கிலி முழுமையாக மூடியிருக்கிறதா, சுமையற்ற அழுத்தம் சரியா, இக்னைட்டருக்கு அது போய்ச் சேருகிறதா. இதன் பெரிய பலன், விளக்கைத் தொடாமலே பல கோளாறுகளை விலக்கிவிட முடிவது. லேம்ப்ஹவுஸ் கதவுச் சுவிட்ச், புகைபோக்கிக் காற்றை உணரும் தகட்டுச் சுவிட்ச், விசிறியின் வெப்பக் காப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று திறந்திருந்தால் பெட்டி உயிரற்றே கிடக்கும். அதற்கு விளக்கும் பொறுப்பில்லை, ரெக்டிஃபையரும் பொறுப்பில்லை. புகைபோக்கிக் குழாயில் புறா கூடு கட்டியதால் நின்ற காட்சிக்காக ஒரு விளக்கை மாற்றுவது வீண்.

இந்த மரபின் செம்மையான வடிவம் பாதிப் பிளவு முறை. சங்கிலியின் நடுவில் அளந்து, கோளாறு முன்பாதியிலா பின்பாதியிலா என்று தீர்மானித்து, குற்றமுள்ள பாதியை மறுபடி இரண்டாக்குவது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க ராணுவ மின்னணுப் பயிற்சியில் இது பெரிதும் கற்பிக்கப்பட்டது. அங்கிருந்து சேவைக் கையேடுகளுக்குப் பரவியது. நம் சங்கிலியில் நடுப்புள்ளி ரெக்டிஃபையரின் வெளியீட்டு முனைகள். அங்கே சுமையற்ற அழுத்தம் இருந்தால் குற்றம் இக்னைட்டர் பக்கம். இல்லாவிட்டால் பெட்டிப் பக்கம்.

ஆனால் இந்த அளவீடு தரும் உறுதி நாம் நினைப்பதைவிடக் குறைவு. சுமை இல்லாதபோது வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் அலையின் உச்சிவரை நிரம்பி நின்றுவிடும். மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் ஆறு டயோடுகளில் ஒன்று திறந்துகொண்டாலும், மூன்று ஃபேஸில் ஒன்று போயே போனாலும், மீட்டர் ஏறக்குறைய சரியான எண்ணைக் காட்டக்கூடும். எண்பது ஆம்பியர் இழுக்கத் தொடங்கும்போதுதான் அழுத்தம் சரியும். நடுப்புள்ளியில் ‘சரி’ என்ற விடை கிடைத்ததால் முன்பாதியை விடுவிப்பது இங்கே பிழையாகிறது. பாதிப் பிளவு முறை ஒருவழிச் சங்கிலிக்கு ஏற்றது. விளக்கின் நடத்தை மின்வழங்கியையும், மின்வழங்கியின் நடத்தை விளக்கையும் மாற்றுகிற சுழற்சியில் பாதிகளை அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடிவதில்லை.

இந்தக் குறையை அனுபவமிக்க ஆபரேட்டர்கள் காதாலும் கண்ணாலும் நிரப்பிக்கொண்டார்கள். பொத்தானை அழுத்தியும் துடிப்புகளின் சடசடப்பு கேட்காவிட்டால் இக்னைட்டர் வேலைசெய்யவில்லை அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை. சடசடப்பு கேட்கிறது, ஆனால் பார்வைச் சன்னலில் நீலக்கீற்று தெரியவில்லை என்றால் உயர் அழுத்தம் வேறெங்கோ, விரிசல் விட்ட காப்பின் வழியாகவோ தூசி படிந்த இணைப்பின் வழியாகவோ, உலோகச் சுவருக்குத் தாவுகிறது. கீற்று தெரிந்து மறைகிறது என்றால் வாயு முறிந்திருக்கிறது. பின்தொடர வேண்டிய மின்னேற்றம் வரவில்லை, அல்லது வந்தது நுனியைச் சூடாக்கப் போதவில்லை. பற்றி ஓரிரு நொடியில் அணைகிறது என்றால் முதன்மை மின்னோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். இந்த அறிவு எழுத்தில் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. அதை நான் மீட்டர் அளவுக்கு இணையாக மதிக்கிறேன். மீட்டர் வைக்க முடியாத அந்த ஒரு நொடியைப் பற்றி புரொஜக்டர் அறையில் கிடைக்கும் நேரடிச் சான்று அது ஒன்றுதான்.

திரையில் தெரியும் துடிப்பு

பற்றாத விளக்கைவிடக் குழப்பம் தருவது பற்றிய பிறகு துடிக்கும் விளக்கு. நேர் மின்சாரம் என்று சொன்னாலும் ரெக்டிஃபையர் தருவது சமதளமான மின்சாரமாக இருக்காது. அதன்மேல் ஓர் அலை சவாரி செய்யும். செனான் விளக்கு, வேலைசெய்யும் எல்லைக்குள் மிகச் சிறிய வோல்ட் மாற்றத்துக்கே பெரிய ஆம்பியர் மாற்றத்தைக் காட்டும். எனவே அழுத்தத்தில் இருக்கும் சிறு அலை, ஒளியில் பெரிதாகத் தெரியும்.

மூன்று ஃபேஸ், ஆறு டயோடு அமைப்பில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வரும் அலை நொடிக்கு 300 முறை. சிறியது, எளிதில் வடிகட்டக்கூடியது. ஒரு ஃபேஸ் போய்விட்டால் எஞ்சுவது 100 ஹெர்ட்ஸ் அலை, மிகப் பெரியது. ஒரு டயோடு மட்டும் திறந்துகொண்டால் 50 ஹெர்ட்ஸ் கூறு தலைதூக்கும். இவற்றில் எதையும் கண் நேரடியாகப் பார்க்காது. ஃபிலிம் புரொஜக்டரின் ஷட்டர்தான் காட்டிக்கொடுக்கும். நொடிக்கு 24 கட்டங்கள், இரண்டு இதழ் ஷட்டர். திரையில் ஒளி நொடிக்கு 48 முறை வெட்டப்படுகிறது. 50-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசம் 2: திரை நொடிக்கு இரண்டு முறை மூச்சுவிடுவதுபோல் துடிக்கும். 100-க்கும், 48-இன் இரட்டிப்பான 96-க்கும் உள்ள வித்தியாசம் 4: துடிப்பு நொடிக்கு நான்கு. படத்தை ஓட்டாமல் வெறும் வெள்ளொளியைத் திரையில் விட்டு, கடிகாரத்தை வைத்து எண்ணினால் பழுதின் வகைக்கு ஒரு குறிப்பு கிடைக்கும். மீட்டர் இல்லாமல், பெட்டியைத் திறக்காமல், எரியும் சுற்றை அப்படியே வைத்துச் செய்யும் சோதனை இது. விளக்கையும் மின்வழங்கியையும் பிரிக்காமலே விசாரிக்கிறது என்பதால், மற்ற முறைகளில் இல்லாத ஒரு நேர்மை இதில் இருக்கிறது.

எல்லைகளும் உண்டு. புரொஜக்டர் மோட்டார் துல்லியமாக 24-இல் ஓடாவிட்டால் எண்ணிக்கை நகரும். மூன்று இதழ் ஷட்டரில் வெட்டு 72, கணக்கே வேறு. நொடிக்கு 25 கட்டம் ஓட்டினால் 50-ம் 50-ம் பொருந்தித் துடிப்பே மறைந்துபோகும். மழுங்கிய எதிர்முனையில் வில்லின் கால் இடம்மாறி அலைவதாலும் ஒளி ஆடும். ஆனால் அந்த ஆட்டம் பொதுவாக ஒழுங்கற்றது, எண்ணுக்கு அடங்காது. ஒழுங்கான துடிப்பு மின்வழங்கியை நோக்கியும், ஒழுங்கற்ற ஆட்டம் விளக்கு, குளிர்காற்று, கிடைநிலை விளக்குகளில் வில்லைப் பிடித்து நிறுத்தும் காந்தம் ஆகியவற்றை நோக்கியும் சுட்டுகின்றன. இது ஒரு சாய்வு. தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

டிஜிட்டல் புரொஜக்டரில் சுழலும் ஷட்டர் இல்லை. அதோடு இந்தச் சோதனையும் போய்விட்டது.

இணைப்பு, காற்று, எர்த்

விளக்கு, பெட்டி என்ற இரண்டைத் தாண்டி, நடுவில் இருப்பதைப் பார் என்பவர்களின் கட்சி சிறியது. ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இருக்கிறது. நேர்முனைக் கேபிளின் முனையத்தில் 10 மில்லியோம் கூடுதல் எதிர்ப்பு, அதாவது சாதாரண மீட்டரால் காட்டவே முடியாத அளவு, சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 80 ஆம்பியர் பாயும்போது அங்கே 0.8 வோல்ட் வீணாகிறது. 64 வாட் வெப்பம் ஒரு சிறு திருகைச் சுற்றிக் குவிகிறது. வெப்பத்தால் செம்பு ஆக்சைடாகிறது. எதிர்ப்பு மேலும் கூடுகிறது. 160 ஆம்பியர் விளக்கில் அதே இணைப்பு 256 வாட்டை எரிக்கும். அணைத்துக் குளிரவைத்துப் பார்த்தால் முனையம் நீலம்பாரித்திருக்கும், கேபிளின் காப்பு அந்த நுனியில் விறைத்திருக்கும். கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை, பல கையேடுகளில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

குளிர்காற்று குறைந்தாலும் கூடினாலும் கெடுதல். நல்ல எர்த் இல்லாத அறையில் இக்னைட்டரின் துடிப்பு வேறு வழி தேடி, பக்கத்திலிருக்கும் மின்னணுக் கருவிகளை நிலைகுலைய வைக்கும். டயோடுகளை அந்தத் துடிப்பிலிருந்து காக்கும் சிறு கெப்பாசிட்டர் செயலிழந்தால் டயோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அப்போது எரிந்த டயோடு பலியானதே தவிர, காரணம் அது இல்லை.

குறியீடும் போர்டும்

1957-இல் வந்த தைரிஸ்டர், பின்னால் வந்த அதிவேக ஸ்விட்ச்சிங் மின்வழங்கிகள் ஆகியவற்றால் பெட்டி சிறுத்தது, அலை குறைந்தது, மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்துவைப்பது எளிதானது. 2005-இல் வெளியான டிஜிட்டல் சினிமா விதிமுறைகள் திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்று வரையறுத்த பிறகு, புரொஜக்டரே விளக்கையும் ரெக்டிஃபையரையும் கண்காணித்துப் பதிவு எழுதத் தொடங்கியது. பழுதறிதல் பெருமளவு குறியீட்டைப் படித்து போர்டை மாற்றும் வேலையாகியிருக்கிறது.

இதில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. எந்த நாளில், எத்தனை மணி நேரத்தில், எத்தனை முயற்சிக்குப் பிறகு விளக்கு பற்றியது என்பது பதிவாகிறது. முந்தைய தலைமுறைகளுக்கு இது கிடைக்கவில்லை. ஆனால் ‘விளக்கு பற்றவில்லை’ என்ற குறியீடு ஒரு நோய்க்குறி மட்டுமே. மேலே சொன்ன எல்லாக் காரணங்களும் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகின்றன. இன்னொரு சிக்கல் நுட்பமானது. வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் தானியங்கி வசதி, விளக்கு மங்க மங்க மின்னோட்டத்தைத் தானே ஏற்றுகிறது. உச்ச வரம்பைத் தொடும்வரை திரையில் எதுவும் தெரியாது. கார்பன் காலத்தில் நல்ல ஆபரேட்டரின் கை செய்த அதே மறைப்பை இப்போது மென்பொருள் செய்கிறது.

பழுதான போர்டை உறுப்பளவில் சரிசெய்வதா, முழுதாக மாற்றுவதா என்ற சர்ச்சையும் இங்கிருந்துதான் வருகிறது. நிறுவனங்களின் பக்கம் பாதுகாப்பும் உத்தரவாதமும் சார்ந்த வாதம் இருக்கிறது. தவறாகப் பழுதுபார்த்த மின்வழங்கி ஆபத்தானது என்பதை மறுக்க முடியாது. மறுபக்கம், சுற்று வரைபடம் கிடைக்காத பெட்டி, தயாரிப்பு நின்ற நாளிலிருந்து அநாதை. டிரான்ஸ்ஃபார்மர், சோக், ஆறு டயோடு என்றிருந்த பழைய ரெக்டிஃபையரைச் சிற்றூர் மின்பணியாளர் ஒருவரால் காப்பாற்ற முடிந்தது. அவருக்கு வரைபடத்தை மறுப்பதை நியாயப்படுத்தும் வலுவான தொழில்நுட்பக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

தீராதிருப்பவை

எந்த ஒரு நிலைப்பாடும் முழுப் பழுதையும் விளக்கவில்லை. சுற்று எரிந்துகொண்டிருக்கும்போதே பார்க்கும் முறைகள், அதாவது திரைத் துடிப்பை எண்ணுவது, பற்றும் ஒலியைக் கேட்பது, ஓட்டத்திலுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் வாரந்தோறும் குறித்துவைப்பது, பிரித்துச் சோதிக்கும் முறைகளைவிட நம்பத்தக்கவை என்பது இதுவரையிலான சான்றுகளின் சாய்வு. குறிப்பாகக் கடைசியாகச் சொன்னது. விளக்கின் அழுத்தம் மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் இடைவெளி அகல்கிறது; பெட்டியின் முனைக்கும் விளக்கின் முனைக்கும் உள்ள வித்தியாசம் ஏறினால் இணைப்பு கெடுகிறது; இரண்டும் அசையாமல் பற்றும் முயற்சிகள் மட்டும் கூடினால் பூஸ்ட் சுற்றைப் பார்க்க வேண்டும். பழுது நேர்ந்த அன்று எடுக்கும் ஒற்றை அளவால் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் சில கேள்விகளுக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. மின்னோட்ட அலை சில விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விளக்குத் தயாரிப்பாளர்கள் வரம்பு வைக்கிறார்கள். அந்த வரம்பை மீறும் ஒவ்வொரு விழுக்காடும் ஆயுளில் எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது என்பதை, காற்று, தூசி, தொடக்கங்களின் எண்ணிக்கை ஆகியவற்றிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். பூஸ்ட் பலமாக இருந்தால் விளக்கு உறுதியாகப் பற்றும், ஆனால் நுனி தேயும். மென்மையாக இருந்தால் நுனி பிழைக்கும், ஆனால் பல முறை முயல வேண்டும், ஒவ்வொரு முயற்சியும் தேய்மானம். இரண்டுக்கும் நடுவில் சரியான புள்ளி எது என்பது விளக்கின் வயதோடு மாறக்கூடும். காட்சிகளுக்கு இடையே விளக்கை அணைப்பதா, குறைந்த மின்னோட்டத்தில் எரியவிடுவதா என்ற பழைய தகராறும் இதே கணக்கில்தான் மாட்டியிருக்கிறது.

2010-களின் நடுவிலிருந்து லேசர் ஒளி செனானின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அதில் பற்றவைக்கும் நொடி இல்லை. பல்லாயிரம் வோல்ட் துடிப்பு இல்லை. வெடிக்கும் குமிழ் இல்லை. பல லேசர் டயோடுத் தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்னோட்டச் சுற்று. ஒரு தொகுதி போனால் படம் நிற்காது. வெளிச்சத்தில் ஒரு பங்கு குறையும், அல்லது வெள்ளை சற்று நிறம் மாறும். டயோடுகளின் முதுமையா, அவற்றை ஓட்டும் சுற்றின் சரிவா, குளிர்விக்கும் திரவத்தின் குறைபாடா, பாஸ்பர் சக்கரத்தின் தேய்மானமா என்று அந்த மெல்லிய மாற்றத்திலிருந்து பிரித்தறியும் வழிகள் இப்போதுதான் சேகரமாகி வருகின்றன. பல பத்தாயிரம் மணி நேர ஆயுள் என்று சொல்லி விற்கப்படும் இக்கருவிகளில் கணிசமானவை அந்த எல்லையை இன்னும் தொடவில்லை. தொடும்போது எந்தப் பகுதி முதலில் தளரும் என்பதை அரங்குகளில் சேரும் பதிவுகள்தான் காட்ட வேண்டும். அந்தப் பதிவுகள் உற்பத்தியாளரிடம் மட்டும் இருக்குமா, இயந்திரத்தை ஓட்டுபவர் கையிலும் இருக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை.